வில்லும் எண்ணெயும்

நிலம் எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. மேடும் பள்ளமும், கல்லும் மணலும், சேறும் வேரும் கலந்து கிடப்பதே நிலத்தின் இயல்பு. அந்நிலத்தின்மேல் உருளும் சக்கரம், எதிர்ப்படும் ஒவ்வொரு மேட்டிலும் ஏறி இறங்கியே தீரவேண்டும். சக்கரம் ஏறும்போதெல்லாம் வண்டியும் உடன் துள்ளி எழுந்தால், அதில் அமர்ந்தவர் துன்புறுவார். சக்கரம் நிலத்தை விட்டு நீங்கிவிட்டாலோ வண்டி ஓட்டுநரின் கைக்கு அடங்காது. திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரம் நிலத்தைப் பற்றியிருக்கும் வரையில்தான் இயலும். ஆகவே, சக்கரம் நிலத்தோடு ஒட்டி ஓடவும், வண்டியின் உடல் நிலைகுலையாது செல்லவும் ஒரு வழி வேண்டும். அவ்வழியைத் தரும் கருவியே 'ஷாக் அப்சார்பர்' என வழங்கும் அதிர்வு தாங்கி ஆகும்.

பேருந்திலும் காரிலும் மோட்டார்ச் சைக்கிளிலும் அதிர்வு தாங்கி உண்டு. எனினும், அதன் அருமையை நன்கு உணர்த்துவது 'குவாட்' என்னும் வண்டியே. சாலை இல்லாத இடங்களிலும் ஓடுமாறு அமைக்கப்பட்ட நான்கு சக்கர மோட்டார் வண்டி இது. ஓட்டுநர் மோட்டார்ச் சைக்கிளில் அமர்வது போலவே, இருக்கையின் இருபுறமும் கால்களை இட்டு அமர்ந்து, கைப்பிடியைத் திருப்பி இதனை ஓட்டுவார். இவ்வகை வண்டிகளுள் விரைவோட்டத்திற்கும் பந்தயத்திற்கும் என அமைந்தவை 'ஸ்போர்ட் குவாட்' எனப்படும்.

இவ்வண்டியின் வரலாறு நீண்டதன்று. 1970-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டு ஹோண்டா நிறுவனம் மூன்று சக்கரங்களையுடைய சிறு வண்டி ஒன்றை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொணர்ந்தது. அதில் வில்லும் இல்லை. அதிர்வு தாங்கியும் இல்லை. காற்றுக் குறைவாக அடைக்கப்பட்ட பருத்த டயர்களே அதிர்ச்சியை ஏற்றன. மெல்லச் செல்வதற்கு அவை போதும்; விரைந்து சென்றால் வண்டி பந்துபோல் துள்ளும். 1982-இல் சுசுகி நிறுவனம் நான்கு சக்கர வண்டியை வெளியிட்டது. 1985-இல் அந்நிறுவனமே விரைவோட்டத்திற்கெனத் தனியே ஒரு குவாடை உருவாக்கியது. அடுத்த ஈராண்டுகளில் ஹோண்டாவும் யமஹாவும் அவ்வழியே வந்தன. மூன்று சக்கர வண்டிகளால் விபத்துகள் மிகுந்தமையால், 1988-இல் தயாரிப்பாளர்கள் அமெரிக்க அரசுடன் ஓர் உடன்பாடு செய்துகொண்டு, அங்கே புதிய மூன்று சக்கர வண்டிகளை விற்பதை நிறுத்தினர். நான்கு சக்கர வண்டியே நிலைத்தது.

ஸ்போர்ட் குவாடில் பொதுவாக மூன்று அதிர்வு தாங்கிகள் இருக்கும். முன் சக்கரம் ஒவ்வொன்றிற்கும் ஒன்று. பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் பொருந்தியிருத்தலால் அவற்றிற்குப் பொதுவாக ஒன்று. முன் சக்கரம் ஏறத்தாழ 23 செண்டிமீட்டரும், பின் சக்கரம் 25 செண்டிமீட்டருக்குச் சற்று மிகுதியாகவும் மேலும் கீழும் அசைய இடம் உண்டு. இதனைச் சக்கரத்தின் அசைவெல்லை எனலாம். எத்தனை பெரிய மேடாயினும் பள்ளமாயினும், அதிர்வு தாங்கியின் வேலை இவ்வெல்லைக்குள்ளேயே முடிதல் வேண்டும்.

அதிர்வு தாங்கியில் இரண்டு உறுப்புகள் தலைமையானவை. ஒன்று வெளியே தெரியும் சுருள்வில். மற்றொன்று அதன் நடுவே உள்ள எண்ணெய்க் குழாய். இவ்விரண்டும் வெவ்வேறு தொழில்களைச் செய்வன.

வில்லின் இயல்பை ஆராய்ந்து விதி கண்டவர் இங்கிலாந்து நாட்டு அறிஞர் இராபர்ட் ஹூக் என்பவர். தாம் கண்டதைப் பிறர் தமதெனக் கொள்ளாதிருக்க, 1676-இல் அவ்விதியின் எழுத்துகளைக் கலைத்து ஒரு புதிர்போல் வெளியிட்டார். 1678-இல் அப்புதிரை விடுவித்துப் பொருளை உலகிற்கு உணர்த்தினார். வில் எவ்வளவு நீள்கிறதோ அல்லது அமுங்குகிறதோ, அவ்வளவிற்கேற்ப அதன் எதிர்விசையும் வளரும் என்பதே அவ்விதி. ஒரு செண்டிமீட்டர் அமுங்க 20 கிலோகிராம் எடை வேண்டும் வில்லொன்று, இரண்டு செண்டிமீட்டர் அமுங்க 40 கிலோகிராம் எடையை வேண்டும், மூன்றுக்கு 60.

வில் வண்டியின் எடையைத் தாங்குகிறது. மேடு வந்தபோது அமுங்கி அதிர்ச்சியை ஏற்றுக்கொள்கிறது. ஆயினும் அதனிடம் ஒரு குறை உண்டு. தான் பெற்ற ஆற்றலில் பெரும்பகுதியை அது மீண்டும் திருப்பித் தந்துவிடும். அமுங்கிய வில் விரியும், விரிந்த விரைவில் அளவு கடந்து நீளும், மீண்டும் அமுங்கும். வில் மட்டுமே உள்ள வண்டி ஒரு மேட்டைக் கடந்தபின்னும் பலமுறை எழுந்து தாழ்ந்துகொண்டே செல்லும். அதற்குள் அடுத்த மேடு வந்துவிட்டால் ஆட்டம் பெருகும், அடக்குவது அரிதாகும்.

இவ்வாட்டத்தைத் தணிப்பதே எண்ணெயின் தொழில். குளத்து நீருக்குள் கையை மெல்ல அசைத்துப் பாருங்கள். நீர் எளிதில் வழிவிடும். அக்கையையே விரைந்து வீசினால் நீர் வலிந்து தடுக்கும். அதிர்வு தாங்கியின் குழாய்க்குள் எண்ணெய் நிறைந்துள்ளது. அதனுள் ஒரு தண்டின் முனையில் பிஸ்டன் உள்ளது. பிஸ்டனில் சிறு துளைகளும் அவற்றை மூடித் திறக்கும் மெல்லிய தகடுகளும் உண்டு. சக்கரம் மேலெழுந்தால் பிஸ்டன் எண்ணெயைத் துளைகளின் வழியே தள்ளிக்கொண்டு செல்லும். சக்கரம் இறங்கும்போதும் அவ்வாறே. விரைவு மிகும்தோறும் தடையும் மிகும். இத்தடையைத் 'தணிப்பு' என்பர்.

துள்ளலாக வெளிப்பட வேண்டிய ஆற்றல் எங்கே போயிற்று? அது வெப்பமாக மாறி எண்ணெயில் சேர்ந்தது. கரடான நிலத்தில் நெடுநேரம் ஓடிய வண்டியின் அதிர்வு தாங்கி கையைச் சுடும் அளவிற்குச் சூடேறும். சூடேறிய எண்ணெய் நெகிழும்; நுரைத்துவிட்டாலோ தணிப்பு பெரிதும் குன்றும். இதனைத் தடுப்பதற்காகவே, உயர்ந்தவகை அதிர்வு தாங்கிகளில் எண்ணெய்க்குத் தனிக் கலம் ஒன்றும், அதனை அழுத்தத்தில் வைத்திருக்க நைட்ரஜன் வாயுவும் அமைக்கப்பட்டுள்ளன.

இனி, ஓட்டுநர் தம் கையாலேயே மாற்றத்தக்க அமைப்புகளைக் காண்போம். அவை முக்கியமாக மூன்று.

முதலாவது, வில்லின் முன்னழுத்தம். வில்லின் ஒரு முனையில் உள்ள வளைய மரையைத் திருகினால், வண்டியில் எவரும் ஏறுமுன்னரே வில் சிறிது அமுங்கி நிற்கும். இதனால் வில் கடினமாகிவிடுகிறது எனப் பலர் எண்ணுவர். அவ்வாறு எண்ணுதல் பிழை என்பதை ஹூக்கின் விதி காட்டும். மேற்கூறிய வில்லை முன்னரே ஒரு செண்டிமீட்டர் அமுக்கி வைத்தாலும், அது மேலும் ஒரு செண்டிமீட்டர் அமுங்க முன்போல் 20 கிலோகிராம் எடையே வேண்டும். ஆகவே, முன்னழுத்தம் வில்லின் வன்மையை மாற்றுவதில்லை. வண்டி நிற்கும் உயரத்தையே மாற்றுகிறது.

இரண்டாவது, அமுக்கத் தணிப்பு. சக்கரம் மேடேறி வில்லை அமுக்கும்போது எண்ணெய் தரும் தடை இது. மூன்றாவது, மீட்சித் தணிப்பு. அமுங்கிய வில் விரியும்போது எண்ணெய் தரும் தடை இது. இவ்விரண்டிற்கும் தனித்தனித் திருகுகள் உண்டு. திருகினைத் திருப்புளியால் திருப்பும்போது ஒவ்வொரு படியிலும் 'டிக்' என்னும் ஒலி எழும். அவ்வொலியை எண்ணியே அளவு குறிப்பர். வலப்புறமாக முற்றத் திருகி, அங்கிருந்து எத்தனை படி வெளியே வந்தது என்று கணக்கிடுவது வழக்கம். முற்றத் திருகும்போது வலிந்து திருகினால் உள்ளிருக்கும் நுண்ணிய ஊசி பழுதுபடும்.

சில வண்டிகளில் அமுக்கத் தணிப்பிற்கு மட்டும் இரு திருகுகள் இருக்கும். ஒன்று மெல்லிய அசைவிற்கு. மற்றது விரைந்த அசைவிற்கு. இங்கே விரைவு என்பது வண்டியின் விரைவைக் குறிப்பதன்று. பிஸ்டன் தண்டின் விரைவையே குறிக்கும். வளைவில் வண்டி ஒருபுறம் சாய்வது தண்டின் மெல்லிய அசைவு. கூரிய கல்லில் சக்கரம் மோதுவது தண்டின் விரைந்த அசைவு.

எந்த நிலத்திற்குச் செல்வதாயினும் முதலில் செய்யவேண்டியது ஓர் அளவை. வண்டியைத் தூக்கிச் சக்கரங்கள் நிலத்தில் படாதவாறு நிறுத்தி, பின்னச்சிற்கும் அதற்கு நேர்மேலே சட்டத்தில் குறித்த ஒரு புள்ளிக்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்கவேண்டும். பின்னர் வண்டியை நிலத்தில் இறக்கி, ஓட்டுநர் தலைக்கவசமும் காலணியும் முதலிய எல்லாம் அணிந்து ஏறி அமர்ந்தபின் அத்தூரத்தையே மீண்டும் அளக்கவேண்டும். இரண்டின் வேறுபாடே வண்டியின் தாழ்வு. இத்தாழ்வு அசைவெல்லையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருத்தல் நன்று. எல்லை 25 செண்டிமீட்டராயின், தாழ்வு 8 செண்டிமீட்டர் அளவில் இருக்கலாம். தாழ்வு மிகுந்தால் முன்னழுத்தத்தைக் கூட்டவேண்டும், குறைந்தால் தளர்த்தவேண்டும். எவ்வளவு திருகியும் அளவு பொருந்தவில்லையெனில், அவ்வில் அந்த ஓட்டுநரின் எடைக்கு உரியதன்று. வேறு வில் மாற்றவேண்டும்.

தாழ்வு எதற்கு என்று நீங்கள் வினவலாம். சக்கரம் மேட்டில் ஏறுவது மட்டுமன்று, பள்ளத்தில் இறங்கவும் வேண்டும். தாழ்வே இல்லாத வண்டியின் சக்கரம் பள்ளத்தைக் கண்டவுடன் அந்தரத்தில் தொங்கும். பள்ளத்தில் இறங்குவதற்கென முன்னரே ஒதுக்கிவைத்த இடமே தாழ்வு.

இனி, நிலத்திற்கு நிலம் அமைப்பு எவ்வாறு வேறுபடும் என்பதைக் காண்போம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துத் தென்கிழக்கில் இம்பீரியல் மணற்குன்றுகள் உள்ளன. அவை 60 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, ஏறத்தாழ 8 கிலோமீட்டர் அகலத்தில் பரந்து கிடக்கின்றன. சில குன்றுகள் சுற்றியுள்ள நிலத்திலிருந்து 90 மீட்டர் உயரம் வரை எழுகின்றன. அங்கே கூரிய கல் இல்லை. சிறு மோதல்களை மணலே ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஒரு குன்றிலிருந்து விரைந்து இறங்கி அடுத்த குன்றில் ஏறத் தொடங்கும் இடத்தில், வண்டியும் ஓட்டுநரும் பன்மடங்கு எடை கொண்டவர்போல் நிலத்தை நோக்கி அழுந்துவர். அங்கே அமுக்கத் தணிப்பைச் சற்றுக் கூட்டிவைத்தல் வேண்டும். இல்லையேல் வில் எல்லை வரை அமுங்கி, இரும்போடு இரும்பு மோதியதுபோல் அடிதட்டும்.

மெக்சிகோ நாட்டின் பாகா கலிபோர்னியாத் தீபகற்பத்தில் 1967-ஆம் ஆண்டு தொடங்கிய நெடுந்தூரப் பாலைப் பந்தயம் புகழ்பெற்றது. அப்பாலை வழிகளில் வண்டிகள் ஓடி ஓடியே அலை அலையாக மேடுகள் எழுந்துள்ளன. ஒரு மேட்டிற்கும் அடுத்ததற்கும் இடையே கண்ணிமைக்கும் நேரமே உண்டு. இங்கே மீட்சித் தணிப்பு மிகுதியாக இருந்தால், அமுங்கிய வில் முழுதும் விரியுமுன் அடுத்த மேடு வந்துவிடும். ஒவ்வொரு மேட்டிலும் வண்டி சிறிது சிறிதாகத் தாழ்ந்து, இறுதியில் அசைய இடமின்றிக் கல்லைப்போல் இறுகிவிடும். ஆகவே, இங்கே மீட்சித் தணிப்பைக் குறைத்து, சக்கரம் விரைந்து நிலம் சேரவிடல் வேண்டும். வெப்பம் மிகுதியாக எழுவதும் இத்தகைய நிலத்திலேதான்.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளிலோ நிலைமை வேறு. அங்கே வேர்களும் உருண்டைக் கற்களும் வழுக்கும் சேறும் நிறைந்திருக்கும், வழியும் குறுகியது. பந்தயம் இரண்டு மணி நேரம் அளவிற்கு நீள்வதும் உண்டு. அமுக்கத் தணிப்பு கடினமாயிருந்தால் ஒவ்வொரு வேரும் ஓட்டுநரின் மணிக்கட்டைத் தாக்கும். அவர் கை சோரும். கை சோர்ந்தவர் மரத்தில் மோதுவார். எனவே, காட்டிற்கு அமுக்கத் தணிப்பைத் தளர்த்தி, சக்கரம் நிலத்தின் வடிவைத் தழுவிச் செல்லுமாறு அமைப்பர்.

மேடுகளிலிருந்து பாய்ந்து இறங்கும் 'மோட்டோகிராஸ்' களத்தில் இதற்கு மாறாகச் செய்வர். உயரத்திலிருந்து விழும் வண்டியை ஏற்க அமுக்கத் தணிப்பு மிகுதியாக வேண்டும். விழுந்தவுடன் வில் வண்டியை மீண்டும் மேலே எறியாதிருக்க மீட்சித் தணிப்பும் கூடுதலாக வேண்டும். தட்டையான மண் வட்டத்தில் ஓடும் பந்தயத்திற்கோ, வளைவில் வண்டி சாய்ந்து கவிழாதிருப்பதே முதன்மை. அதற்காக வண்டியைத் தாழ்த்தி, எல்லாவற்றையும் இறுக்கி வைப்பர்.

இவற்றுள் எது சிறந்த அமைப்பு? இவ்வினாவிற்கு விடையில்லை. மணற்குன்றில் நன்மை தந்தது காட்டில் தீமை தரும். 60 கிலோகிராம் எடையுள்ளவர்க்கு ஏற்றது 90 கிலோகிராம் எடையுள்ளவர்க்கு ஏலாது. வெற்றி பெற்ற வீரர் ஒருவரின் திருகு எண்களை எழுதிக்கொண்டு வந்து தம் வண்டியில் அப்படியே அமைப்பவர், பிறர் அளவிற்குத் தைத்த சட்டையை அணிபவரை ஒப்பர். நிலம், ஓட்டுநர், வண்டி ஆகிய மூன்றும் பொருந்துவதே சிறந்த அமைப்பு. அப்பொருத்தத்தை ஆய்ந்துதான் காணவேண்டும்.

ஆய்வதற்கும் முறை உண்டு. முதலில் டயரின் காற்றைச் சரிபார்க்க வேண்டும். ஸ்போர்ட் குவாடின் டயர்களில் பொதுவாகச் சதுர அங்குலத்திற்கு 4 முதல் 6 பவுண்டு வரையே காற்று இருக்கும். அதில் ஒரு பவுண்டு மாறினாலும் ஓட்டம் மாறும். பின்னர், தயாரிப்பாளர் கூறிய அளவில் எல்லாத் திருகுகளையும் அமைத்து, ஒரு குறிப்பேட்டில் எழுதவேண்டும். தெரிந்த ஒரு வழியில், மிதமான விரைவில் ஓட்டிப் பார்க்கவேண்டும். அதன்பின் ஒரே ஒரு திருகை இரண்டு படி மட்டும் மாற்றி, அதே வழியில் அதே விரைவில் மீண்டும் ஓட்டவேண்டும். முன் சக்கரங்கள் இரண்டிற்கும் மாற்றம் ஒன்றுபோலவே இருத்தல் வேண்டும். நன்மை தெரிந்தால் அதனை வைத்துக்கொள்ளலாம். தீமை தெரிந்தால் பழைய இடத்திற்கே திரும்பலாம். இரண்டு திருகுகளை ஒருசேர மாற்றியவர், விளைந்த நன்மைக்கு எது காரணம் என்பதை ஒருநாளும் அறியமாட்டார்.

உணர்ச்சியை மட்டும் நம்பாமல் கண்ணாலும் அறிய ஓர் எளிய வழி உண்டு. பிஸ்டன் தண்டில் ஒரு சிறு ரப்பர் வளையத்தை மாட்டி, குழாயின் வாயருகே வைத்துவிட்டு ஓட்டவேண்டும். வில் எவ்வளவு அமுங்கியதோ அவ்வளவு தூரம் வளையம் தள்ளப்பட்டு அங்கேயே நிற்கும். வழியிலுள்ள மிகக் கடுமையான மேட்டில் மட்டும் வளையம் எல்லையை நெருங்கினால் அமைப்பு ஏற்றது. ஒருபோதும் நெருங்காவிட்டால் கடினம் மிகுதி. சிறு மேட்டிலேயே எல்லையைத் தொட்டால் கடினம் போதாது.

இவ்வளவு நுணுக்கமும் வெறும் சொகுசுக்காக என்று எண்ணிவிடலாகாது. மீட்சித் தணிப்பு மிகக் குறைந்த வண்டி ஒன்று விரைந்து சென்று ஒரு மேட்டில் ஏறுவதாகக் கொள்வோம். அமுங்கிய பின்வில் தடையின்றி வெடித்து விரியும். வண்டியின் பின்பகுதி மேலே எறியப்படும், முன்பகுதி கவிழும், ஓட்டுநர் கைப்பிடியைத் தாண்டி வீழ்வார். அவர்பின் ஏறத்தாழ 180 கிலோகிராம் எடையுள்ள வண்டி உருண்டு வரும். ஒரு திருகின் சில படிகளில் ஓர் உயிரின் காவல் அமைந்திருக்கிறது. அவ்வாறே, நைட்ரஜன் அடைத்த கலத்தைப் பயிற்சியில்லாதவர் திறக்கவும் கூடாது. மிகுந்த அழுத்தத்தில் உள்ள அவ்வாயு உறுப்புகளைக் குண்டுபோல் எறியும். மேலும், 16 வயது நிரம்பாதவர் பெரியவர்க்குரிய குவாடை ஓட்டலாகாது என அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அறிவுறுத்துகிறது. எந்த அதிர்வு தாங்கியும் தலைக்கவசத்திற்கு மாற்றாகாது.

மாணவர்களே! இக்கருவி நமக்கு உணர்த்துவது யாது? முற்றும் இறுகியது முறியும். முற்றும் நெகிழ்ந்தது நிலைகொள்ளாது. அதிர்ச்சியை ஏற்க வில்லின் நெகிழ்ச்சி வேண்டும். ஏற்றபின் ஆடாது அமைதியுற எண்ணெயின் அடக்கம் வேண்டும். இவ்விரண்டும் எந்த அளவில் கூடவேண்டும் என்பதை நிலத்தைக் கண்டறிந்தே முடிவு செய்தல் வேண்டும். ஒன்றை மாற்றுதல், விளைவை நோக்குதல், கண்டதை எழுதிவைத்தல், தவறெனின் தயங்காது திரும்புதல் ஆகிய இவையே ஆய்வுக்கூடத்து அறிவியலறிஞர்க்கும் பட்டறைத் தொழிலாளர்க்கும் பொதுவான நெறி. இந்நெறியைக் கைக்கொள்வோர் எத்துறையில் புகினும், மேடுபள்ளங்களைக் கடந்து தம் வழியில் நிலைபெயராது செல்வர்.

பயிற்சி வினாக்கள்

1. வில் மட்டுமே உள்ள வண்டியில் நேரும் குறை யாது? எண்ணெய் அதனை எவ்வாறு போக்குகிறது?

2. முன்னழுத்தம் வில்லின் வன்மையை மாற்றுவதில்லை என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குக.

3. பாலைநிலத்து அலைமேடுகளில் மீட்சித் தணிப்பு மிகுதியாயிருப்பின் என்ன நேரும்?

4. ஒரு நேரத்தில் ஒரு திருகையே மாற்றவேண்டும் என்பது ஏன்? இந்நெறி பயன்படும் வேறொரு தொழிலைப் பற்றி ஒரு பத்தி எழுதுக.